இரண்டு கிரெடிட் இருக்கிறது, ஆய்வகம் எங்கே?

கோடை விடுமுறை நெருங்கும்போது, கலை அறிவியல் கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு முடிக்கும் வேதியியல் மாணவர்கள் கையில் போனஃபைட் சான்றிதழோடு தொழிற்சாலை வாசல்களில் நிற்கத் தொடங்குகிறார்கள். பாடத்திட்டம் அவர்களிடம் உள்ளகப் பயிற்சி கேட்கிறது. முடித்தால் மதிப்பெண் பட்டியலில் கிரெடிட் ஏறும். பயிற்சிக்கு இடம் எங்கே கிடைக்கும் என்பதை மட்டும் பாடத்திட்டம் சொல்வதில்லை. செக்யூரிட்டி அறையைத் தாண்ட முடியாமல் திரும்புகிற மாணவர்களில் பலர், கடைசியில் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கும் இடத்தில் போய் நிற்கிறார்கள்.

இது ஏதோ சில கல்லூரிகளின் நிர்வாகக் கோளாறு என்று விட்டுவிட முடியாது. பயிற்சிக்குக் கிரெடிட் தருவது நல்ல முடிவு. வெகுகாலத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய முடிவு. அந்த நல்ல முடிவை நடைமுறையில் மாணவர்களின் தலையில் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிக்கொண்டோம் என்பதுதான் என் வருத்தம்.

விதி என்ன சொல்கிறது?

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில், மூன்றாண்டு இளநிலைப் படிப்பின் 140 கிரெடிட்டில் 2 கிரெடிட் உள்ளகப் பயிற்சிக்கு. இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் பயிற்சி. ஐந்தாம் பருவத்தில் கிரெடிட். முதுநிலையிலும் முதலாண்டுக் கோடையில் இதே போன்ற ஏற்பாடு உண்டு.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட கிரெடிட் சட்டகத்தில், ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் பயிற்சி. 2024இல் வந்த அதன் வழிகாட்டுதல், நான்காம் பருவத்துக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரம் வரை பயிற்சி பெற வேண்டும் என்கிறது. மத்திய அரசின் கல்விக் கொள்கையோடு தமிழ்நாட்டுக்குப் பல விஷயங்களில் உடன்பாடு இல்லை. பயிற்சிக்குக் கிரெடிட் வேண்டும் என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒரே பக்கம் நிற்கின்றன. ஆக, கொள்கைச் சண்டையைக் காரணம் காட்டி யாரும் தப்பிக்க முடியாது.

அறுபது மணி நேரம் என்பது எட்டு மணி நேர வேலைநாளில் எட்டு நாளைக்கும் குறைவு. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தொழிற்சாலைகள் ஏன் கதவைத் திறப்பதில்லை என்பதற்கான காரணத்தில் பாதி இதற்குள் இருக்கிறது.

கல்லூரி ஆய்வகம் சொல்லித்தராதது

வணிகவியல் மாணவர் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் ஓரமாக உட்கார்ந்தும் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். கணினி அறிவியல் மாணவர் வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்துகொடுக்கலாம். வேதியியலுக்கு அது கூடிவராது. கை படாமல் வேதியியல் வராது. கை பட வேண்டுமென்றால் மாதிரியும் கருவியும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள ஒருவரும் வேண்டும்.

கல்லூரியில் நாம் செய்யவைக்கும் டைட்ரேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் கடினத்தன்மையை இடிடிஏ கரைசலால் அளக்கும் சோதனை எல்லாக் கல்லூரியிலும் உண்டு. எரியோகுரோம் பிளாக் டி இரண்டு சொட்டு, பிஎச் 10 பஃபர், ஒயின் சிவப்பு நீலமாகும் வரை பியூரெட்டைத் திறந்து மூட வேண்டும். விடை எவ்வளவு வர வேண்டும் என்பது லேப் உதவியாளருக்குத் தெரியும்; பெரும்பாலும் மாணவருக்கும் தெரியும். போன வருட அண்ணன் அக்காக்களின் ரெக்கார்டு நோட்டில் அது இருக்கிறது. ரீடிங்கைப் பென்சிலில் எழுதி, கணக்கு ஒத்துவரும் வரை அழித்துத் திருத்தும் பழக்கம் நம் ஆய்வகங்களில் ஊறிப்போனது.

அதே சோதனை ஒரு மாவட்டக் குடிநீர் ஆய்வகத்தில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காலையில் மாதிரி பாட்டில்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஊர், எடுத்த இடம், தேதி, நேரம். ஒரு பாட்டிலில் தேதி இல்லை என்றால், அதைச் சோதிக்கவே கூடாது; திருப்பி அனுப்ப வேண்டும். தராசைப் படிக்கல் வைத்துச் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் நாள் தொடங்கும். ரீடிங் பேனாவில். தவறாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அடியில் என்ன இருந்தது என்பது எப்போதும் தெரிய வேண்டும்.

ஒரு மாதிரியில் கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி 200 வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை போகலாம். இப்போது அந்த மாணவருக்கு விடை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். இன்னொரு முறை செய்ய வேண்டும். கரைசலின் செறிவு சரிதானா என்று பார்க்க வேண்டும். திரும்பவும் 640 வந்தால், அது ஒரு கிராமத்தின் ஆழ்துளைக் கிணற்றைப் பற்றிய செய்தி. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மாதிரி என்றால் புளூரைடும் பார்க்க வேண்டும், அங்கே லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டுவது குழந்தைகளின் பல்லையும் எலும்பையும் தொடுகிற விஷயம்.

விடை தெரியாத சோதனையைச் செய்து, அதன் கீழே தன் கையெழுத்தைப் போடும் அனுபவம் - இதைத்தான் மூன்றாண்டுப் படிப்பு தருவதில்லை, இரண்டு மாதப் பயிற்சி தரும். பட்டம் பெற்று வேலைக்குப் போகும் மாணவர்களிடம் மருந்து ஆலைகளின் தரக் கட்டுப்பாட்டுத் துறையினர் சொல்லும் குறையும் இதுதான். பாடம் தெரிகிறது, பதிவேடு எழுதத் தெரியவில்லை என்கிறார்கள். நியாயமான குறை.

இப்போது நடப்பது

புறத் தேர்வாளராக வாய்மொழித் தேர்வுக்குப் போன ஒரு கல்லூரியில், ஒரு மாணவி பளபளப்பான சான்றிதழை நீட்டினார். ஹெச்பிஎல்சி உள்ளிட்ட கருவிகளில் பதினைந்து நாள் பயிற்சி என்று போட்டிருந்தது. மொபைல் ஃபேஸ் எதைப் பயன்படுத்தினீர்கள், எந்த மருந்தைப் பிரித்தீர்கள் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: “கண்ணாடிக்கு வெளியே நின்னு பாக்கச் சொன்னாங்க சார். உள்ள விடல.” எத்தனை நாள் போனீர்கள் என்று கேட்டதற்கு இரண்டு நாள் என்றார். கட்டணம் அவருடைய அம்மா சீட்டுப் பணத்திலிருந்து கட்டியது.

அந்த மாணவியின் மீது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பொய் சொல்ல விரும்பியிருந்தால் அங்கேயே இரண்டு வாக்கியம் மனப்பாடமாகச் சொல்லியிருக்கலாம். அவரைத் தனியாக அலையவிட்ட நம் மீதுதான் கோபம் வந்தது.

இத்தகைய “பயிற்சி மையங்கள்” இப்போது எல்லா ஊரிலும் முளைத்துவிட்டன. கோடைக்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் அறிவிப்பு வந்துவிடுகிறது: இத்தனை நாளுக்கு இவ்வளவு ரூபாய், சான்றிதழும் அறிக்கையும் சேர்த்து. அறிக்கைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அச்செடுத்தவை. நிறுவனத்தின் வரலாறு பத்துப் பக்கம், கருவியின் படம் நான்கு பக்கம், மாணவர் தன் கையால் அளந்த ஓர் எண்கூட இருக்காது. கல்லூரி அதை வாங்கி மதிப்பெண் போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுகிறது.

காசு உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு செலவு. மற்றவர்களுக்கு இரட்டை அடி. கோடையில் கேட்டரிங்குக்கும் ஜவுளிக் கடைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் போய் அடுத்த வருடக் கட்டணத்தைச் சேர்க்கிற மாணவர்கள் நம் வகுப்புகளில் நிறைய இருக்கிறார்கள். அந்த மாதங்களில் சம்பளமில்லாமல் பயிற்சிக்குப் போகச் சொல்வது, அதற்குக் கட்டணமும் கட்டச் சொல்வது, படிப்பை விட்டுவிடு என்று சொல்வதற்குப் பக்கத்தில் வருகிறது. மாணவிகளுக்கு இன்னொரு கவலையும் உண்டு. சிப்காட் வளாகங்கள் ஊருக்கு வெளியே இருக்கின்றன. ஷிஃப்ட் முடியும் நேரத்தில் பேருந்து இருக்குமா, தங்க விடுதி உண்டா என்று பெற்றோர் கேட்கும் கேள்விக்குக் கல்லூரியிடம் பதில் இல்லை.

பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். 2024 அக்டோபரில் தொடங்கியபோது அந்தத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை இருந்தது. ஆனால், முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதில் சேர முடியாது என்பது அப்போதைய விதி. நாம் பேசுகிற மாணவர்கள் அத்தனை பேரும் முழுநேர மாணவர்கள்.

ஆலைகளின் பக்க நியாயம்

ஆலைகளைக் குறை சொல்வது எளிது. ஒரு மருந்து ஆலையின் தரக் கட்டுப்பாட்டு மேலாளர் இடத்திலிருந்து பாருங்கள். புதிதாக ஒருவர் ஆய்வகத்துக்குள் நுழைந்தால், அவர் கருவியைத் தொடுவதற்கு முன் செயல்முறை விதிகளைப் படித்து, பாதுகாப்புப் பயிற்சி முடித்து, கையெழுத்திட வேண்டும். இதற்கே ஒரு வாரம் போய்விடும். எட்டாவது நாள் மாணவர் கிளம்பிவிடுவார். அவருக்காகச் செலவழித்த நேரத்துக்கு ஆலைக்கு ஒரு பயனும் இல்லை. “ரெண்டு மாசம் அனுப்புங்க, நாங்க எடுத்துக்கறோம்” என்று சொல்லும் ஆலைகள் உண்டு. பத்து நாளைக்கு யாரும் எடுத்துக்கொள்ள விரும்பாததில் வியப்பில்லை.

வேலையோடு சேர்ந்த படிப்பு புதிய யோசனையும் அல்ல. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 1906இல் பொறியியல் மாணவர்களுக்கு இதைத் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இன்று வேதியியல் மாணவர்கள் ஒரு பருவம் படிப்பு, ஒரு பருவம் சம்பளத்தோடு வேலை என்று மாறி மாறிப் போகிறார்கள். பிரிட்டனில் பல வேதியியல் பட்டங்களுக்குள் ஒரு முழு ஆண்டு ஆலைப் பணி இருக்கிறது. இங்கெல்லாம் பொதுவாக இருப்பது இரண்டு: காலம் நீளமானது, இடம் தேடித்தருவதற்குப் பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

இடம் இல்லையா?

தமிழ்நாட்டில் வேதியியலுக்கு இடம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மணலியில் பெட்ரோலிய வேதிப்பொருள் ஆலைகள், கடலூர் சிப்காட்டில் மருந்துப் பொருள் ஆலைகள், மேட்டூரில் பிவிசியும் காஸ்டிக் சோடாவும், தூத்துக்குடியில் உரமும் உப்பும், ராணிப்பேட்டையில் தோல், சிவகாசியில் பட்டாசும் அச்சு மையும், அரியலூரில் சிமென்ட், புகளூரில் காகிதம். எந்த மாவட்டத்துக்குப் போனாலும் ஒரு சர்க்கரை ஆலையோ பால் குளிரூட்டும் நிலையமோ நூற்பாலையோ இருக்கிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் சிறியதாக ஒரு ஆய்வகம் இருக்கிறது.

திருப்பூரை மட்டும் எடுத்துக்கொள்வோம். நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்றானது. அதன் பிறகு அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் பிஎச், கரைந்த உப்பு, சிஓடி, குளோரைடு என்று இரவு பகலாக அளந்துகொண்டே இருக்க வேண்டிய நிலை. ஒரு வேதியியல் மாணவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. தன் ஊர் ஆற்றின் கதையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

தனியார் ஆலைகளைக் கெஞ்சுவதற்கு முன், அரசு தன் வீட்டுக் கதவைத் திறக்கலாம். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகங்கள் இருக்கின்றன. வேளாண் துறைக்கு மண் பரிசோதனை நிலையங்கள். கிண்டி, சேலம், கோவை, மதுரை, தஞ்சாவூர், பாளையங்கோட்டையில் உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தனியாக ஆய்வகங்கள். ஆவின் ஒன்றியங்களில் தினமும் பாலின் கொழுப்பும் திடப்பொருளும் அளக்கிறார்கள். இவை எல்லாம் மக்கள் வரிப்பணத்தில் நடப்பவை. ஆள் பற்றாக்குறை பற்றி இந்த அலுவலகங்களில் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். கோடையில் குடிநீர் மாதிரிகள் குவியும் அதே மாதங்களில், நம் மாணவர்கள் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் வந்த கதை நமக்குத் தெரியும். சுதந்திரம் வந்த மறு ஆண்டிலேயே அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து அதைத் தன் ஊருக்குக் கொண்டுவந்தார். அந்த ஊர்ப் பிள்ளைகள் அறிவியலுக்குப் பக்கத்தில் வளர வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் இருந்திருக்கிறது. இதைப் படிக்கும் ஆலை அதிபர்களுக்கு அதை நினைவூட்ட விரும்புகிறேன்.

பாதுகாப்பு யார் பொறுப்பு?

இதை யாரும் பேசுவதே இல்லை. குளிரூட்டும் நிலையத்தில் அமோனியா, சுத்திகரிப்பு நிலையத்தில் குளோரின், எல்லா இடத்திலும் அமிலம். பத்தொன்பது வயதுப் பிள்ளையைச் செருப்புக் காலோடும் துப்பட்டாவோடும் அங்கே அனுப்புகிறோம். விபத்து நடந்தால்?

1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் சேரும் அப்ரண்டிஸ்களுக்குப் பணியிட விபத்தில் இழப்பீடு உண்டு, உதவித்தொகையும் சட்டப்படி உண்டு. கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிப் போகும் பயிற்சி மாணவர் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவர் தொழிலாளியும் இல்லை. ஆகவே இஎஸ்ஐயும் இல்லை. பல ஆலைகள் பெற்றோரிடம் “எங்களுக்குப் பொறுப்பில்லை” என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுகின்றன. கிரெடிட் தரும் பல்கலைக்கழகம் இந்த இடத்தில் வாய்திறக்காமல் இருப்பது சரியில்லை. ஒரு மாணவருக்கு விபத்துக் காப்பீடு எடுக்க ஆகும் தொகை, நாம் வாங்கும் தேர்வுக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் சிறியது.

என்ன செய்யலாம்?

காலத்தை நீட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும். வேதியியலுக்கு 2 கிரெடிட் போதாது. குறைந்தது 4 கிரெடிட், 120 மணி நேரம். முடிந்தால் ஆறாம் பருவத்தில் ஒரு விருப்பப் பாடத்துக்குப் பதிலாக எட்டு வாரம் ஆய்வகத்தில் இருக்க வாய்ப்பு. இடம் கிடைக்காத மாணவருக்குத் தண்டனை கூடாது. அவர் கல்லூரி ஆய்வகத்திலேயே, தன் ஊர்க் கிணறுகளின் நீரையோ வயல் மண்ணையோ எடுத்து, அதே மணிக்கணக்குக்கு அதே ஒழுங்கோடு சோதித்துக் கிரெடிட் பெறலாம். காசு கொடுத்து வாங்கும் சான்றிதழைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

காசு வாங்கும் மையங்களுக்கு முடிவு கட்ட ஒரு வரி போதும்: மாணவரிடம் கட்டணம் வசூலிக்கும் எந்த இடத்தின் பயிற்சிக்கும் கிரெடிட் இல்லை என்று பல்கலைக்கழகங்கள் சுற்றறிக்கை அனுப்பட்டும்.

மதிப்பீட்டைச் சான்றிதழிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். மாணவர் பேனாவில் அன்றாடம் எழுதிய குறிப்பேடு, அவர் தன் கையால் அளந்த குறைந்தது ஒரு தொகுதி அளவீடுகள், ஆலையில் மேற்பார்த்தவரின் ஒரு பக்கக் கருத்து, பத்து நிமிட வாய்மொழித் தேர்வு. இவ்வளவு போதும். நாற்பது பக்க அறிக்கை வேண்டவே வேண்டாம்.

மேற்பார்க்க ஆசிரியர் வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளின் வகுப்பறைகளைத் தாங்கிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பகுதியினர் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களுக்கு ஆண்டில் பதினொரு மாதம்தான் சம்பளம், மே மாதத்துக்குக் கிடையாது. மாணவர்கள் பயிற்சிக்குப் போவதும் அந்த மே மாதத்தில்தான். பயிற்சியைக் கண்காணிக்கும் நேரத்தை ஆசிரியரின் பணிநேரமாகக் கணக்கிட்டு, மே மாதச் சம்பளத்தையும் கொடுத்தால், ஒரே உத்தரவில் இரண்டு குறை தீரும்.

மாநில அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டத்துக்கு மாவட்டந்தோறும் ஆட்களும் தொழில் நிறுவனங்களோடு தொடர்பும் இருக்கின்றன. அதன் வழியாகவே வேதியியல் பயிற்சி இடங்களின் பட்டியலை ஒவ்வொரு டிசம்பரிலும் வெளியிடலாம்: எந்த ஆய்வகம், எத்தனை இடம், என்ன வேலை, பேருந்து வசதி உண்டா, மாணவிகளுக்குத் தங்குமிடம் உண்டா. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் மாணவர்களுக்குப் பயிற்சி மாதங்களில் மட்டும் அதை உயர்த்தித் தந்தால், கேட்டரிங் வேலைக்குப் போகிற பிள்ளையும் ஆய்வகத்துக்கு வர முடியும். சிப்காட் வளாகத்தில் மனை ஒதுக்கும்போதே, ஆய்வகம் உள்ள ஆலைகள் ஆண்டுக்கு இத்தனை மாணவர்களை எடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் சேர்க்கலாம்.

இவற்றில் சிலவற்றுக்கு அரசாணை வேண்டும், நாளாகும். ஆனால், குடிநீர் வடிகால் வாரியமும் உணவுப் பாதுகாப்புத் துறையும் ஆவினும் ஆய்வகத்துக்கு நான்கு மாணவர் என்று வரும் கோடையிலேயே எடுத்துக்கொள்ள, துறைச் செயலாளர்களின் ஒரு கடிதம் போதும். கல்லூரிகள் ஜனவரிக்குள் பெயர்ப் பட்டியலையும் காப்பீட்டுச் சான்றையும் அனுப்பிவைக்கட்டும். மாணவர்களுக்குச் சோதனைக்கூட அங்கியும் காலை மூடிய காலணியும் பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கித்தருவதைத் துறைத்தலைவர்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.